ஜீரோன்னு டைப் பண்ணுங்க, பாட்டு வரும்!

போன இதழ்ல சினிமா பாட்டைத் தாண்டி வெளிய என்ன இருக்குன்னு நாலு வரி எழுதிருந்தேன். அதுக்கு வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா சுத்திச் சுத்தி ஒரே சந்தேகம்தான்: பேர் தெரியாத பேண்டோட பாட்டை காசு குடுக்காம, அதே நேரம் திருட்டுத்தனமும் பண்ணாம எப்படி இறக்குறது? அதனால இந்த வாரம் முழுக்க அதுதான். இயர்போன் பத்தி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்.

கேள்வி: அண்ணா, தேனியில காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். இண்டிபெண்டன்ட் பாட்டு கேக்கணும்னு ஆசை. ஆனா 'ஃப்ரீ டவுன்லோடு'ன்னு தேடினா வர்ற சைட்ல ஒரு பட்டனை அமுக்கினா நாலு விளம்பரம் தொறக்குது, உள்ள இருக்கிறது எல்லாம் சுட்ட சரக்கு வேற. நேர்மையா ஃப்ரீயா குடுக்குற இடம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

பதில்: இருக்கு தம்பி, நிறையவே இருக்கு, ஆனா 'ஃப்ரீ டவுன்லோடு'ன்னு தேடவே தேடாதீங்க. அந்த வார்த்தையை வச்சு பொழைப்பு நடத்துறவன்தான் தேடல்ல முதல்ல வந்து நிப்பான். பாட்டு பண்ணவங்க தாங்களே பாட்டை வச்சிருக்குற எடத்துக்கு நேரா போயிடணும்.

முதல் இடம் பேண்ட்கேம்ப். 2008ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது. இதுல ஒவ்வொரு பேண்டுக்கும் தனிப் பக்கம், விலையையும் அவங்களேதான் வைப்பாங்க. சில ஆல்பத்துக்குக் கீழ 'நேம் யுவர் பிரைஸ்'னு போட்டிருக்கும், அதாவது நீங்க பாத்து என்ன குடுக்குறீங்களோ குடுங்கன்னு அர்த்தம். அந்தக் கட்டத்துல 0ன்னு டைப் பண்ணுங்க, பாட்டு வந்துடும். கூச்சமே வேணாம், ஜீரோவுக்கு சம்மதம்னு பேண்டே சொல்லித்தான் அப்படி செட் பண்ணிருக்காங்க, வேணாம்னா குறைஞ்சபட்ச விலைன்னு ஒண்ணு வச்சிருப்பாங்க. சில பேர் மெயில் ஐடி கேப்பாங்க, அதைக் குடுத்துடுங்க, ஏன்னு அடுத்த கேள்வியில சொல்றேன். ஒரு முக்கியமான விஷயம், இதை போன்ல அவங்க ஆப் வழியா பண்ணாதீங்க, ஆப் கேக்குறதுக்கு மட்டும்தான், ஃபைலா இறக்கணும்னா பிரவுசர்ல போகணும்.

இறக்குறப்ப எம்பி3யா, ஃபிளாக்கான்னு கேக்கும், ஃபிளாக்னா தரம் குறையாம வர்ற பெரிய ஃபைல். நாலு நிமிஷப் பாட்டு 320 கேபிபிஎஸ் (இந்த நம்பர் கூடினா தரம் கூடும்) எம்பி3ல சுமாரா 9.6 எம்பி வரும், அதே பாட்டு ஃபிளாக்ல போனா அதைப்போல மூணு மடங்கு கூட ஆகலாம். பஸ்ல போன் இயர்போன்ல கேக்குறவருக்கு எம்பி3 போதும், டேட்டாவை ஏன் வீணாக்கணும்.

ரெண்டாவது ஃப்ரீ மியூசிக் ஆர்கைவ். அமெரிக்காவுல நியூஜெர்சி பக்கம் டபிள்யூஎஃப்எம்யூன்னு ஒரு ரேடியோ, 1958ல இருந்து ஓடிட்டு இருக்கு, விளம்பரமே கிடையாது, நேயர்கள் குடுக்குற காசுலதான் ஸ்டேஷன் நடக்குது, எந்தப் பாட்டைப் போடணும்னு டிஜேக்கு யாரும் உத்தரவு போட மாட்டாங்க. அவங்கதான் 2009ல இந்த ஆர்கைவைத் தொடங்கினாங்க. 2018ல பணம் இல்லாம மூடப் போறோம்னு அறிவிச்சு, கடைசி நேரத்துல கை மாறி, இப்ப ஆம்ஸ்டர்டாம்ல இருக்குற ட்ரைப் ஆஃப் நாய்ஸ்ங்குற கம்பெனி நடத்துது. பழைய கலெக்ஷன் அங்கயே இருக்கு. மூணாவது லக்ஸம்பர்க்ல 2005ல பொறந்த ஜமெண்டோ, இதுல எண்ணிக்கை அதிகம், தரம் முன்னப் பின்ன இருக்கும், பொறுமை வேணும். நாலாவதா பழைய சைட், பாட்டு, புத்தகம்னு எல்லாத்தையும் சேத்து வைக்கிற இன்டர்நெட் ஆர்கைவ்ல 'நெட்லேபிள்ஸ்'னு ஒரு பகுதி. எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் அதுதான், அதைப் பத்தி பின்னாடி வரேன்.

கேள்வி: யாராவது உழைச்சு, ஸ்டுடியோவுக்கு காசு கட்டி ரெக்கார்ட் பண்ணி சும்மா குடுப்பாங்களா சார்? இதுல என்ன உள்குத்து? — பேர் போட வேண்டாம்னு சொன்ன மதுரை வாசகர்

பதில்: மதுரைக்காரர் சந்தேகப்படலைன்னாதான் ஆச்சரியம். உள்குத்துன்னு ஒண்ணும் இல்ல, ஆனா கணக்கு இருக்கு.

புதுசா வந்த பேண்டுக்கு முதல் பிரச்சனை திருட்டு கிடையாது, ஆளுக்குத் தெரியாம இருக்கிறதுதான். இங்கிலாந்துல ஷெஃபீல்டுன்னு ஒரு ஊரு, அங்க ஆர்க்டிக் மங்கீஸ்னு சின்னப் பசங்க நாலு பேரு 2003 வாக்குல பப்புல வாசிக்க ஆரம்பிச்சு, டெமோ சிடியை வீட்டுலயே அடிச்சு, கச்சேரிக்கு வந்தவங்களுக்கு சும்மாவே குடுத்துட்டு இருந்தாங்க. வாங்கிட்டுப் போனவங்க கம்ப்யூட்டர்ல ஏத்தி நெட்ல பரப்பிட்டாங்க. பேண்ட் பேர்ல மைஸ்பேஸ்ங்குற சோஷியல் மீடியா சைட்ல பக்கம் தொறந்தது கூட ரசிகர்கள்தான், பசங்களுக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நாள்ல என்ன ஆச்சுன்னா, ஆல்பமே வராத பேண்டோட பாட்டை ஹால் முழுக்க கூட்டம் சேந்து பாடுது! 2005ல டாமினோங்குற இண்டிபெண்டன்ட் லேபிள், அதாவது பாட்டு வெளியிடுற கம்பெனி, எடுத்துக்கிச்சு, அந்த அக்டோபர்ல வந்த சிங்கிள் நேரா நம்பர் ஒன், 2006 ஜனவரில முதல் ஆல்பம் ஒரே வாரத்துல 3,60,000க்கு மேல வித்துச்சு. அதுவரைக்கும் பிரிட்டன்ல எந்த பேண்டோட முதல் ஆல்பமும் அந்த வேகத்துல போனதில்ல. இதுல கவனிக்க வேண்டியது, பாட்டு ஏற்கனவே ஃப்ரீயா கையில வச்சிருந்தவங்களும் அந்தக் கூட்டத்துல கடைக்குப் போய் காசு குடுத்து வாங்கினாங்க.

ஃப்ரீன்னாலே எல்லாரும் ரேடியோஹெட்ங்குற இங்கிலாந்து பேண்டோட கதையைத்தான் எடுத்து விடுவாங்க. 2007 அக்டோபர் 10ந்தேதி புது ஆல்பத்தை தங்களோட சைட்ல போட்டு, விலையை நீங்களே முடிவு பண்ணுங்கன்னு விட்டாங்க, ஜீரோவும் ஓகே. பெரிய செய்திதான், ஆனா என்னைக் கேட்டா புது பேண்டுக்கு அது உதாரணமே இல்ல. அவங்க அதுக்கு முன்னாடியே பெரிய கம்பெனி செலவுல உலகம் பூரா பேர் வாங்கினவங்க. அதோட அன்னிக்கு குடுத்தது 160 கேபிபிஎஸ் எம்பி3தான், சிடி பின்னாடி தனியா கடைக்கு வந்து அங்கயும் நம்பர் ஒன் ஆச்சு. நைன் இன்ச் நெய்ல்ஸ்ங்குற அமெரிக்க பேண்டும் அந்த வகைதான்: 2008 மார்ச்ல 36 டிராக்ல 9 மட்டும் ஃப்ரீ, முழுசும் வேணும்னா 5 டாலர், அதோட 300 டாலருக்கு கையெழுத்து போட்ட பெரிய பெட்டி 2,500 பண்ணாங்க, எல்லாம் ரெண்டு மூணு நாள்ல காலி. கணக்கு போட்டுப் பாருங்க, ஏழரை லட்சம் டாலர். ஃப்ரீயா குடுத்தவன் ஏமாளி இல்லன்னு புரியுதுல்ல.

நம்ம நாட்டுலயே ஒரு நல்ல கதை இருக்கு. டெல்லியில இந்தியன் ஓஷன்னு 1990ல ஆரம்பிச்ச பேண்ட். தபலா வாசிச்சுக்கிட்டே பாடுற அசீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர்ல காலமாயிட்டாரு. அவரோட குரல் இருக்குற கடைசி ரெக்கார்டிங் எல்லாம் சேத்த ஆல்பத்தை அவங்க லேபிள் கையில குடுக்கலை, 2010 ஜூலைல இருந்து மாசத்துக்கு ஒரு பாட்டா ஏழு பாட்டு, தங்களோட சைட்லயே ஃப்ரீயா இறக்கிக்கங்கன்னு விட்டாங்க. ஆல்பத்துக்கு வச்ச பேரு 16/330 கஜூர் ரோடு. கரோல் பாக்ல அவங்க வருஷக்கணக்கா பிராக்டிஸ் பண்ண பழைய பங்களாவோட விலாசம்தான் அது. அந்த மாதிரி பேண்டுக்கு சிடி ராயல்டில வர்றது சொற்பம், வயிறு நிறையறது மேடையில. மாசா மாசம் ஒரு பாட்டுன்னா ஏழு மாசத்துக்கு இவங்களைப் பத்தி பேச்சு ஓடிட்டே இருக்கும், ஒரே நாள்ல மொத்தமா விட்டிருந்தா ரெண்டு வாரத்துல அடங்கிருக்கும்.

இப்ப மெயில் ஐடி விஷயம். ஃப்ரீன்னு நாம சொல்றதுக்கு உண்மையான விலை அதுதான். அடுத்த ஆல்பம் வர்றப்ப, உங்க ஊருக்குப் பக்கத்துல ஷோ போடுறப்ப உங்களுக்கு நேரா ஒரு வரி எழுத முடியும்ல, நடுவுல எந்தக் கம்பெனியோட அல்காரிதமும் இல்லாம. பத்தாயிரம் தடவை ஸ்ட்ரீம் ஆனாலும் கேட்டது யாருன்னு பேண்டுக்குத் தெரியாது. ஆனா 0 குடுத்து மெயில் ஐடி விட்டுட்டுப் போன நூறு பேரை அவங்களுக்குத் தெரியும். பயமா இருந்தா பாட்டுக்குன்னு தனியா ஒரு மெயில் ஐடி வச்சுக்கங்க, பொய் ஐடி மட்டும் குடுக்காதீங்க, டவுன்லோடு லிங்கே அதுக்குத்தான் வரும்.

கேள்வி: நான் கோயம்புத்தூர்ல கிட்டார் வாசிக்கிறவன், சொந்தமா பாட்டும் எழுதுறேன். நீங்க ஃப்ரீ ஃப்ரீன்னு எழுதி எழுதி எங்க வயித்துல அடிக்கிறீங்க. ஏற்கனவே பேர் கிடைக்கும்னு சொல்லியே எல்லாரும் ஓசியில வாசிக்கச் சொல்றாங்க.

பதில்: கோவம் நியாயம்தான் பிரதர், அந்த 'பேர் கிடைக்கும்' ஆளுங்களை எனக்கும் தெரியும், பேர் மட்டும் கடைசி வரைக்கும் போஸ்டர்ல கூட வராது. ஆனா ஓசியில வாசிக்க ஒருத்தன் உங்களைக் கூப்பிடுறது வேற, உங்க பாட்டுல ஒண்ணை நீங்களா எடுத்து இந்தாங்கன்னு குடுக்குறது வேற. நான் எழுதுறது ரெண்டாவதைப் பத்தி மட்டும்தான். எல்லாத்தையும் ஃப்ரீயா விடணும்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. என் அபிப்பிராயம், நாலு பாட்டு இருக்குற ஒரு இபியை (சின்ன ஆல்பம்) ஃப்ரீயா விட்டு மெயில் ஐடி வாங்குங்க, அடுத்ததுக்கு விலை வைங்க.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இறக்கின ஆல்பத்தை ஒரு மாசம் கழிச்சும் கேட்டுட்டு இருக்கீங்கன்னா திரும்பப் போய் காசு குடுத்து வாங்குங்க. பேண்ட்கேம்ப்ல டிஜிட்டல் விற்பனைல 15 சதவீதம், டிஷர்ட் மாதிரி சாமானுக்கு 10 சதவீதம் அவங்க எடுத்துக்குவாங்க, அப்புறம் பேமென்ட் சார்ஜ் கொஞ்சம் போகும், மீதி ஆர்ட்டிஸ்டுக்கு. 2020 மார்ச் 20ந்தேதி, கொரோனாவுல கச்சேரியெல்லாம் நின்னு போன நேரத்துல, 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அந்த மாதிரி அறிவிச்ச வெள்ளிக்கிழமைகள்ல அவங்க பங்கையும் எடுத்துக்க மாட்டாங்க, வாங்குறதா இருந்தா அந்த நாளாப் பாத்து வாங்குங்க. நம்ம ஊர் கார்டு வேலை செய்யலன்னா பதறாதீங்க, பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல் டிரான்ஸாக்ஷன்ங்குறதை ஆன் பண்ணிருக்கீங்களான்னு முதல்ல பாருங்க.

கேள்வி: லட்சக்கணக்குல பாட்டு கொட்டிக் கிடக்கு, பத்து கேட்டா ஒம்போது தேறல. நல்லதை எப்படித்தான் கண்டுபுடிக்கிறது? — திருநெல்வேலி வாசகி

பதில்: பத்துக்கு ஒண்ணு தேறினா அது நல்ல கணக்குங்க! சினிமா ஆல்பத்துல கூட எல்லாப் பாட்டும் தேறுதா என்ன.

இதுக்கு என் வழி, பாட்டைத் தேடாதீங்க, காதைத் தேடுங்க. அதாவது உங்க ரசனைக்கு ஒத்து வர்ற ஒரு ஆளைப் புடிச்சுட்டா அவரு உங்களுக்காக ஒம்போதைக் கேட்டு ஒதுக்கிருப்பாரு. பேண்ட்கேம்ப்ல ஒரு ஆல்பம் புடிச்சிருந்தா அந்தப் பக்கத்துல வாங்கினவங்களோட சின்னச் சின்ன படம் வரிசையா இருக்கும், சில பேரு எந்தப் பாட்டு புடிச்சது, ஏன்னு ரெண்டு வரி எழுதிருப்பாங்க. உருப்படியா எழுதின ஆளா பாத்து அமுக்குங்க, அவரோட மொத்த கலெக்ஷனும் தொறக்கும், அதுல நீங்க கேள்வியே படாத ஐநூறு ஆல்பம் இருக்கும், அங்கிருந்து இன்னொரு ஆளு. இப்படியே போனா ஒரு ஞாயித்துக்கிழமை காணாமப் போயிடும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

இன்னொண்ணு ஆல்பத்துக்குக் கீழ எழுதிருக்குற கிரெடிட்ஸ். யாரு டிரம்ஸ், யாரு மிக்ஸ் பண்ணது, எந்த ஊரு ஸ்டுடியோ. இண்டிபெண்டன்ட் ஆளுங்க பெரும்பாலும் ஒரே சமயத்துல ரெண்டு மூணு பேண்ட்ல இருப்பாங்க, டிரம்மர் பேரைத் தேடினா அவரோட இன்னொரு பேண்ட் மாட்டும், அது சில சமயம் முதல்ல கேட்டதை விட நல்லா இருக்கும். ஊரை வச்சும் தேடலாம், சென்னைன்னு போடுங்க, கோலாலம்பூர்னு போடுங்க, ஐஸ்லாந்துல இருக்குற ரெய்க்யாவிக்னு போடுங்க, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சத்தம் இருக்கு.

ரேடியோவை மறந்துடாதீங்க. சியாட்டில்ல கேஇஎக்ஸ்பின்னு ஒரு ஸ்டேஷன், 'சாங் ஆஃப் தி டே'ன்னு பாட்காஸ்ட் போடுறாங்க, இண்டிபெண்டன்ட் ஆர்ட்டிஸ்டோட ஒரு பாட்டு, சப்ஸ்கிரைப் பண்ணி வச்சுட்டா தானா இறங்கிடும். முன்னாடி சொன்ன டபிள்யூஎஃப்எம்யூவுல ஒவ்வொரு ஷோவுக்கும் என்னென்ன பாட்டு போட்டாங்கன்னு லிஸ்ட் சைட்லயே இருக்கு. அந்த லிஸ்ட்டைக் கையில வச்சுக்கிட்டு பேண்ட்கேம்ப்ல தேடுறதுதான் நான் பண்ற வேலை.

அப்புறம் நெட்லேபிள். இது ஒரு தனி உலகம். தொண்ணூறுகள்ல அமிகா கம்ப்யூட்டர்ல டிராக்கர்னு ஒரு சாஃப்ட்வேர்ல பாட்டு பண்ணி ஒருத்தருக்கொருத்தர் ஃபைலா மாத்திக்கிட்ட பசங்க கூட்டம் ஒண்ணு இருந்துச்சு. அவங்கள்ல சில பேரு, கடையும் இல்ல சிடியும் இல்ல, நெட்ல மட்டும் ரிலீஸ், எல்லாமே ஃப்ரீன்னு லேபிளே தொடங்கிட்டாங்க. மோனோடோனிக்னு ஒண்ணு 1996லயே வந்துடுச்சு, அன்னிக்கு நம்ம ஊர்ல எத்தனை வீட்டுல கம்ப்யூட்டர் இருந்துருக்கும்? அந்த மாதிரி லேபிள்களோட ரிலீஸ் ஆயிரக்கணக்குல இன்டர்நெட் ஆர்கைவ்ல கிடக்கு, அட்டைப்படத்தோட. பெரும்பாலும் எலக்ட்ரானிக், ஆம்பியன்ட் வகை, பாட்டு வரி இருக்காது, படிக்கிறப்ப பின்னாடி ஓட விட அதை மாதிரி வேற கிடையாது. லேபிளை வச்சுத் தேடுறதுல ஒரு வசதி, ஒரே ஆளோட ரசனையில தேர்ந்தெடுத்ததுங்குறதால ஒண்ணு புடிச்சா மிச்சமும் கிட்டத்தட்ட புடிக்கும்.

கடைசியா, முதல் முப்பது செகண்ட் கேட்டுட்டு அடுத்ததுக்குத் தாவாதீங்க. இறக்கினதை எல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டு ஒரு வாரம் அதையே சுத்த விடுங்க. மூணாவது தடவை கேக்குறப்பதான் சில பாட்டு கதவைத் தொறக்கும்.

கேள்வி: ஸ்பாட்டிஃபைல எல்லாம் இருக்குறப்ப எதுக்கு சார் பழைய காலம் மாதிரி டவுன்லோடு? — சென்னை, ஐடி வேலை

பதில்: எல்லாம் இருக்குன்னு யாரு சொன்னது? நெட்லேபிள் சமாச்சாரம் பாதிக்கு மேல அங்க கிடையாது. அதை விடுங்க, இருக்கிறது நாளைக்கும் இருக்கும்னு என்ன கேரண்டி.

எம்பி3 டாட் காம்னு ஒரு சைட் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? 1997ல சான் டியாகோவுல மைக்கேல் ராபர்ட்சன்ங்குறவரு ஆரம்பிச்சது. எந்த பேண்டும் தன் பாட்டை சும்மா ஏத்தலாம், யாரும் சும்மா இறக்கலாம். லேபிள் கிடைக்காத பேண்டுக்கெல்லாம் சொர்க்கம். 1999ல ஷேர் மார்க்கெட்டுக்கு வேற போச்சு. அப்புறம் 2000ல ஆசை ஜாஸ்தியாகி, உங்ககிட்ட இருக்குற சிடியை கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினா அதே பாட்டை நெட் வழியா எங்க இருந்தாலும் கேக்கலாம்னு ஒரு சர்வீஸ் கொண்டு வந்து, அதுக்கு பெரிய லேபிள் எல்லாம் சேந்து கேஸ் போட்டு, கோடிக்கணக்குல கட்ட வேண்டியதாயிடுச்சு. 2001ல கம்பெனி விவெண்டி யுனிவர்சல் கைக்குப் போச்சு, 2003 கடைசியில அவங்க பேரை மட்டும் வேற கம்பெனிக்கு வித்துட்டு பாட்டு எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க. பத்து லட்சத்துக்கும் மேல பாட்டு! பெரிய லேபிளோட சண்டையில அடி வாங்கினது அந்தச் சண்டையில சம்பந்தமே இல்லாத சின்ன பேண்டுங்க, எனக்கு இன்னும் ஆறல.

சரி அது பழைய கதைன்னு வச்சுக்கங்க. மைஸ்பேஸ்? 2003ல இருந்து 2015 வரைக்கும் ஜனங்க ஏத்தின பாட்டு, சர்வர் மாத்துறப்ப போயிடுச்சுன்னு 2019ல சொன்னாங்க, பேக்கப் கூட கிடையாதாம். சுமாரா 1.4 கோடி ஆர்ட்டிஸ்ட், 5 கோடிக்கும் மேல பாட்டுன்னு அப்ப செய்தி வந்துச்சு. அதுல திரும்பக் கிடைச்சது எவ்வளவு தெரியுமா, 4,90,000. அதுவும் கம்பெனி காப்பாத்தினது இல்ல, ஏதோ ஆராய்ச்சிக்காக 2008லருந்து 2010 வரைக்கும் சில பேரு இறக்கி வச்சிருந்தது. அவங்க பேர் கூட வெளிய சொல்லிக்கல, அப்படியே இன்டர்நெட் ஆர்கைவ்ல குடுத்துட்டாங்க. ட்ராகன் ஹோர்டுன்னு தேடினா இப்பவும் கேக்கலாம்.

பேண்ட்கேம்ப் மட்டும் நிரந்தரமான்னா அதுவும் சொல்ல முடியாது. 2022ல எபிக் கேம்ஸ்ங்குற வீடியோ கேம் கம்பெனி வாங்கிச்சு, ஒன்றரை வருஷத்துல சாங்டிரேடர்ங்குற கம்பெனிக்குத் தள்ளி விட்டுச்சு, அந்த கை மாறல்ல பாதி ஸ்டாஃபுக்கு வேலை போச்சு. அதனாலதான் சொல்றேன், புடிச்ச பாட்டு ஃபைலா உங்க கையில இருக்கட்டும், போன்ல ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு. கொடைக்கானல் ஏறுற பஸ்ல சிக்னல் போனாலும் பாட்டு நிக்காது, அது கூடுதல் லாபம்.

கேள்வி: குறும்படம் எடுக்குறேன். ஃப்ரீயா இறக்கின பாட்டை பேக்ரவுண்டுக்கு போட்டுக்கலாம்ல? — ஈரோடு

பதில்: அவசரப்படாதீங்க. கேக்குறதுக்கு ஃப்ரீன்னா படத்துல போடவும் ஃப்ரீன்னு ஆயிடாது. பாட்டுப் பக்கத்துல கிரியேட்டிவ் காமன்ஸ்னு போட்டிருக்கான்னு பாருங்க. 2002 டிசம்பர்ல முதல் தடவையா வெளியிட்ட லைசென்ஸ் அது, அதாவது பாட்டை மத்தவங்க எப்படிப் பயன்படுத்தலாம்னு ஆர்ட்டிஸ்டே முன்கூட்டி குடுக்குற அனுமதி, கூடவே ரெண்டு ரெண்டு எழுத்தா இருக்கும். பிஒய் மட்டும்னா பேர் போட்டுட்டு தாராளமா பயன்படுத்தலாம். என்சி இருந்தா காசு பாக்குற வேலைக்கு ஆகாது, யூடியூப்ல விளம்பரம் ஓட விடுறதா இருந்தா தொடாதீங்க. எஸ்ஏ இருந்தா உங்க படத்தையும் அதே லைசென்ஸ்ல விடணும். என்டி இருந்தா மாத்தக் கூடாது, இதுல நிறைய பேரு வழுக்குவாங்க, நான் பாட்டை வெட்டவே இல்லையே முழுசா அப்படியேதானே போட்டேன்னு சொல்லுவாங்க, ஆனா காட்சியோட சேத்து ஓட விட்டாலே மாத்தினதாத்தான் அந்த லைசென்ஸ் கணக்கு வைக்குது. எதுவுமே போடலையா, அப்ப ஆர்ட்டிஸ்டுக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்க, சின்ன ஆளுங்க பெரும்பாலும் சந்தோஷமா ஓகே சொல்லுவாங்க, அந்த மெயிலை பத்திரமா வச்சுக்கங்க, நாளைக்கு காப்பிரைட் கிளெய்ம் வந்தா காட்ட ஆகும். அவசரத்துக்கு கெவின் மெக்லியோட்னு ஒருத்தர் இருக்காரு, இன்காம்பெடெக்ங்குற அவரோட சைட்ல நிறைய பிஜிஎம், பேர் போட்டா போதும், ஆனா அது உலகத்துல பாதி யூடியூப் சேனல்ல கேட்ட மியூசிக்கா இருக்கும், பாத்துக்கங்க.

கேள்வி: தமிழ்ல இப்படி ஃப்ரீயா இறக்குற மாதிரி இண்டிபெண்டன்ட் பாட்டு இல்லையா? — யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு தங்கச்சி

பதில்: தமிழ்ல சினிமாவுக்கு வெளிய இப்ப நல்லாவே நடக்குதும்மா. 2018 ஜனவரில சென்னையில மேடை ஏறின காஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்குற பேண்ட்ல இருந்து, மலேசியா ராப் பசங்க வரைக்கும் எவ்வளவோ. ஆனா நம்மாளுங்க பெரும்பாலும் யூடியூப்லயும் ஸ்ட்ரீமிங்லயும்தான் விடுறாங்க, கேக்க ஃப்ரீ, ஃபைலா எடுக்க இல்ல. யூடியூப் லிங்க்கைப் போட்டு எம்பி3யா மாத்தித் தர்ற சைட்டை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், குடுக்குறேன்னு பாடினவர் சொல்லாததை எடுக்குறோம்ல. பேண்ட்கேம்ப்ல தமிழ்னு டேக் போட்டுத் தேடுங்க, சவுண்ட்கிளவுட்லயும் சில பாட்டுக்குக் கீழ டவுன்லோடு பட்டன் இருக்கும், அது ஆர்ட்டிஸ்டே ஆன் பண்ணி வச்சது.

உங்க ஊர் சம்பந்தமா ஒண்ணு சொல்லியே ஆகணும். எம்.ஐ.ஏ.ன்னு உலகம் கூப்பிடுற பாடகி மாயா அருள்பிரகாசம் லண்டன்ல பொறந்து, சின்ன வயசுல யாழ்ப்பாணத்துல இருந்து, திரும்ப அகதியா லண்டன் போனவங்க. முதல் ஆல்பம் வர்றதுக்கு முன்னாடி, 2004ல, டிப்ளோங்குற டிஜேவோட சேந்து ஒரு மிக்ஸ்டேப் (பல பாட்டை ஒண்ணா கோத்த தொகுப்பு) பண்ணாங்க, அதுல அடுத்தவங்க பாட்டுல இருந்து எடுத்த சாம்பிளுக்கு அனுமதி வாங்காததால முறைப்படி விக்க வழியில்ல, கையில குடுத்ததும் நெட்ல பரவுனதும்தான், அதுதான் அவங்க பேரை ஊரெல்லாம் கொண்டு போச்சு. பெரிய ஆளா ஆனப்புறமும் 2010 டிசம்பர் 31ந்தேதி ராத்திரி இன்னொரு மிக்ஸ்டேப்பை முழுசா ஒரே ஃபைலா, 36 நிமிஷம், நெட்ல ஃப்ரீயா விட்டாங்க. அதுவும் ஒரு லேபிளோட ஒப்பந்தத்துல இருந்துக்கிட்டே!

கேள்வி: கர்நாடக சங்கீதத்துக்கு இந்த மாதிரி உண்டா? — ஸ்ரீரங்கம், 71 வயது

பதில்: உண்டு மாமா, உங்களுக்கு ரொம்ப உபயோகப்படும். சங்கீதப்ரியான்னு ஒரு சைட், சேவையா நடத்துறாங்க, கடையில விக்காத பழைய கச்சேரி ரெக்கார்டிங் மட்டும்தான் வைப்பாங்க, கேசட் கம்பெனி போட்டது எதுவும் இருக்காது. அமெரிக்காவுல இதே முறை ராக் பேண்டுக்கு உண்டு, கச்சேரியை ரசிகர்கள் டேப் பண்ணிக்கலாம்னு அனுமதிச்ச பேண்டுகளோட ரெக்கார்டிங்கை இன்டர்நெட் ஆர்கைவ்ல 2002ல இருந்து சேத்துட்டு வர்றாங்க, கிரேட்ஃபுல் டெட்ங்குற ஒரே பேண்டுக்கு ஆயிரக்கணக்குல. பேரன் கூட உக்காந்து அதையும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கோ, ஒரே பாட்டை ஊருக்கு ஊர் வேற மாதிரி நீட்டி வாசிச்சிருப்பாங்க, உங்களுக்கு அது புதுசா இருக்காது.

கேள்வி: இறக்கின பாட்டுல வைரஸ் வருமா?

பதில்: பாட்டு எம்பி3யா, ஃபிளாக்கா, ஆல்பம்னா ஜிப்பா வரும். பாட்டுன்னு சொல்லிட்டு ஈஎக்ஸ்ஈயோ ஏபிகேயோ (ரெண்டும் சாஃப்ட்வேர் ஃபைல், பாட்டு இல்ல) இறங்கினா தொறக்காம அழிச்சுடுங்க. ஜிப்புக்கு பாஸ்வேர்டு வேணும், அதுக்கு இந்த சர்வேயை நிரப்புன்னு சொன்னாலும் அதேதான்.

கேள்வி: ஒரு ஆல்பத்துல நேத்து ஜீரோ போட்டா வந்துச்சு, இன்னிக்கு என் ஃப்ரெண்டு போனா காசு கேக்குது. ஏமாத்துறாங்களா? — புதுச்சேரி

பதில்: இல்லைங்க. பேண்ட்கேம்ப்ல ஒரு ஆர்ட்டிஸ்டுக்கு மாசத்துக்கு 200 ஃப்ரீ டவுன்லோடுதான் கணக்கு, அது தீந்துட்டா ஃப்ரீ வழி அடைஞ்சுடும், விக்கிறதுக்கு ஏத்த மாதிரி கூடுதலா கிடைக்கும். உங்க ஃப்ரெண்டுக்கு முன்னாடி 200 பேரு இறக்கிட்டாங்கன்னு அர்த்தம், பேண்டுக்கு நல்ல சேதி. அடுத்த மாசம் திரும்பப் பாக்கச் சொல்லுங்க. இல்லைன்னா அதே பக்கத்துல காண்டாக்ட்னு இருக்குறதை அமுக்கி ஒரு வரி எழுதச் சொல்லுங்க, டவுன்லோடு கோடுன்னு ஒண்ணு அவங்க கையில இருக்கும், கேட்டா குடுப்பாங்க.